தாடையைக் காக்கும் ஒரு கேள்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவத்தில் ஏதேனும் ஒரு பொருளை ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் விளங்கும் தமிழில் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள், சில மருந்துகளால் தாடை எலும்பு செத்துப்போகும் நோய். எலும்புப்புரைக்கும், எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்துகள் அவை. நல்ல மருந்துகள், தேவையான மருந்துகள். அவற்றைப் பெறுகிறவர்களில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் ஒரு பல்லைப் பிடுங்கிய பிறகு, அந்தக் குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரியத் தொடங்கிவிடுகிறது.

வாய், முக அறுவை சிகிச்சை என் தொழில். இந்த நோயாளிகள் பல வாசல்களில் ஏறி இறங்கி, கடைசியாக என் போன்றவர்களிடம் வருகிறார்கள். இந்த நோயின் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மருந்து எழுதும் மருத்துவரும் பல்லைப் பார்க்கும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ள வேண்டும். நோயாளியிடம் சரியான ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

தீக்குச்சி ஆலைகளில் தொடங்கிய பாடம்

தாடை எலும்பு அழுகும் ஒரு நோயை உலகம் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சிகள் வெள்ளைப் பாஸ்பரஸ் கொண்டு செய்யப்பட்டன. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு முதலில் பல் வலி வந்தது. பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. சீழ் வடிந்தது, தாடை எலும்பு வெளியே வந்தது, முகம் சிதைந்தது. வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் 1845-இல் இதை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டினார். லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் பெண் தொழிலாளர்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காக எழுதியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே பெசன்ட் அம்மையார்தான்.

1906-இல் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்ய நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-இல் அதற்கான தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1920-களில். நம் தீப்பெட்டித் தொழிலாளர்கள் எத்தனையோ துன்பங்களைச் சுமந்தவர்கள். ஆனால் இந்த ஒரு துன்பம் அவர்கள் ஊருக்கு வருமுன்பே சட்டம் அதை நிறுத்திவிட்டது.

தடை வருவதற்கு முன்னரே ஆலைகளை அறிந்த மருத்துவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களில் சொத்தைப் பல் உள்ளவர்களுக்கே நோய் எளிதில் வந்தது. ஆகவே தொழிலாளர்களின் பற்களைச் சோதிக்கும் விதிகள் வந்தன. பல் பிடுங்கியவர்களைப் புண் ஆறும்வரை ஆவியிலிருந்து விலக்கிவைக்கும் வழக்கமும் வந்தது. நச்சு எங்கிருந்து வந்தாலும், தாடை எலும்புக்குள் நோய் நுழையும் வாசல் பல்தான் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

2003: ஒரு மருத்துவரின் கடிதம்

அமெரிக்காவின் மயாமி நகரில் வாய், முக அறுவை சிகிச்சை வல்லுநரான ராபர்ட் மார்க்ஸ், 2003-இல் தம் துறை இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாடை எலும்பு வெளியே தெரிந்து, எந்தச் சிகிச்சைக்கும் ஆறாத 36 நோயாளிகள் அவரிடம் வந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது பாமிட்ரோனேட் அல்லது சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்து. மறு ஆண்டே நியூயார்க்கில் சால்வடோர் ருஜீரோவும் அவர் குழுவினரும் 63 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 56 பேர் புற்றுநோய்க்காக நரம்பு வழியே இந்த மருந்தைப் பெற்றவர்கள். 7 பேர் எலும்புப்புரைக்காக மாத்திரை சாப்பிட்டவர்கள்.

இந்த மருந்துக் குடும்பத்துக்கு பிஸ்பாஸ்போனேட் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷும் உடன் பணியாற்றியவர்களும் 1960-களில் இவை எலும்பு கரைவதைத் தடுப்பதைக் காட்டினார்கள். 1995-இல் அலென்ட்ரோனேட் மாத்திரை அமெரிக்காவில் எலும்புப்புரைக்காக அனுமதி பெற்றது. 2010-இல் டெனோசுமாப் என்ற ஊசி மருந்து வந்தது. இது பிஸ்பாஸ்போனேட் அல்ல, வேறு வழியில் வேலை செய்வது. ஆனாலும் இதே தாடை நோயை இதுவும் உண்டாக்கியது. புற்றுநோய்க்குத் தரப்படும் பெவாசிசுமாப், சுனிட்டினிப் போன்று புதிய ரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் மருந்துகளும் பட்டியலில் சேர்ந்தன. எனவேதான் முதலில் பிஸ்பாஸ்போனேட் பெயரால் வழங்கிய இந்த நோயை, 2014-இல் அமெரிக்க வாய், முக அறுவை மருத்துவர் சங்கம் ‘மருந்து சார்ந்த தாடை எலும்புச் சிதைவு’ என்று பொதுவாக அழைக்கத் தொடங்கியது. 2022-இல் அதே சங்கம் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. இன்று நான் சொல்லும் விகிதங்கள் பெரும்பாலும் அதில் தொகுக்கப்பட்டவை.

ஏன் தாடை?

மருந்து உடம்பு முழுவதும் போகிறது. தொடை எலும்புக்கும் போகிறது, முதுகெலும்புக்கும் போகிறது. தாடை மட்டும் ஏன் சாகிறது?

எலும்பு உயிருள்ள பொருள். அதன் பழுதுற்ற பகுதியை ஒருவகைச் செல்கள் அரித்து எடுக்கும். இன்னொரு வகைச் செல்கள் அந்த இடத்தில் புது எலும்பை வைக்கும். கூரை வேய்கிறவர் மக்கிய ஓலையைப் பிரித்தெடுத்த பிறகுதான் புது ஓலையை வைக்க முடியும். எலும்புப்புரையில் பிரிக்கும் வேலை மிஞ்சி, வேயும் வேலை பின்தங்கிவிடுகிறது. அதனால் பிரிக்கும் செல்களை இந்த மருந்துகள் அடக்குகின்றன. பிஸ்பாஸ்போனேட் எலும்பின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும்; அரிக்கும் செல் எலும்போடு சேர்த்து மருந்தையும் விழுங்கிச் செயலிழக்கும். டெனோசுமாப் எலும்பில் ஒட்டாது; அரிக்கும் செல்கள் உருவாகத் தேவைப்படும் சமிக்ஞையையே மறித்துவிடும். எலும்பு நிலைக்கிறது, முறிவு குறைகிறது. ஆனால் காயம் பட்ட இடத்தில் பழுதைப் பிரித்தெடுக்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

தாடைக்கு வேறு எந்த எலும்புக்கும் இல்லாத இடர்கள் இருக்கின்றன. பற்களைத் தாங்கும் எலும்பு ஒவ்வொரு கவளத்தையும் மெல்லும் அழுத்தத்தைத் தாங்கித் தன்னை ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது. எனவே மருந்தும் அங்கே கூடுதலாகச் சேர்கிறது. அதை மூடியிருக்கும் ஈறும் சவ்வும் மெல்லியவை. கீழ்த்தாடையின் உட்புறம், நாக்கை ஒட்டிய மேட்டில், மிக மெல்லியவை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பில் ஊன்றிய கடின உறுப்பு என்று மனித உடம்பில் பல்லைத் தவிர வேறில்லை. அதைச் சுற்றிக் கிருமிகள் எப்போதும் உண்டு. ஈறு நோய் உள்ள பல்லின் வேரடியில் அழற்சி ஏற்கெனவே எலும்பைத் தாக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பல்லைப் பிடுங்கும்போது, ஆற வேண்டிய காயமும் ஆறாத எலும்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குக் கீழ்த்தாடையில்தான் நோய் வருகிறது. தொடக்கக் காரணமாகப் பெரும்பாலோரிடம் காணப்படுவது பல் பிடுங்கியது. பொருந்தாத பல் செட் உரசியே எலும்பு வெளிப்பட்டவர்களும் உண்டு. எந்தக் காரணமும் புலப்படாமல் தானே வெளிப்பட்டவர்களும் உண்டு.

யாருக்கு எவ்வளவு ஆபத்து

இந்தப் பகுதியைப் பொதுமக்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அரைகுறையாகக் கேட்டால் அச்சம்தான் மிஞ்சும். அந்த அச்சமே உயிருக்கு ஆபத்தாகும்.

எலும்புப்புரைக்காக பிஸ்பாஸ்போனேட் எடுக்கும் 10,000 பேரில் 2 முதல் 5 பேருக்கு இந்த நோய் வரலாம். எலும்புப்புரைக்காக டெனோசுமாப் பெறுவோரில் 1,000 பேரில் ஏறத்தாழ 3 பேர். புற்றுநோய்க்காக இந்த மருந்துகளைப் பெறுவோரில், பெரும்பாலான ஆய்வுகளின்படி, 100 பேரில் 5-க்கும் குறைவு. ஆனால் ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் அளவு. எலும்புப்புரைக்கு சோலெட்ரோனிக் அமிலம் ஆண்டுக்கு ஒரு முறை 5 மில்லிகிராம். புற்றுநோய்க்கு 4 மில்லிகிராம், 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒரு முறை. டெனோசுமாபும் அப்படியே: எலும்புப்புரைக்கு 6 மாதத்துக்கு 60 மில்லிகிராம், புற்றுநோய்க்கு 4 வாரத்துக்கு 120 மில்லிகிராம். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால் புற்றுநோயாளி பெறுவது பத்து மடங்குக்கும் மேல். ஆகவே ‘எலும்பு ஊசி போட்டிருக்கிறார்’ என்று மட்டும் தெரிந்தால் போதாது. எதற்காக, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதும் தெரிய வேண்டும்.

முடக்குவாதத்துக்காகவோ வேறு நோய்க்காகவோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்வதால் அவர்களுக்கு இந்த மருந்தும் தரப்படுகிறது. அதே ஸ்டீராய்டு புண் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. கட்டுப்படாத சர்க்கரை, புகைப் பழக்கம், ஈறு நோய் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுபவை.

இனி தராசின் மறு தட்டு. 2007-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், எலும்புப்புரை உள்ள 7,700-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் சோலெட்ரோனிக் அமிலமும் மறு பாதிக்கு மருந்தில்லாத ஊசியும் 3 ஆண்டுகள் போடப்பட்டன. மருந்து பெற்றவர்களிடம் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு எலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. தாடை நோய் என ஐயுறப்பட்டது இரு பிரிவிலும் தலா ஒருவருக்குத்தான். வயதானவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வீடு என்ன ஆகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படி இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். ஆகவே வாட்ஸ்அப்பில் எதையோ படித்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவர், சிறிய ஆபத்துக்கு அஞ்சிப் பெரிய ஆபத்தின் கையைப் பிடிக்கிறார். மருந்தை நிறுத்தச் சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. பல்லைக் கவனித்துக்கொண்டு மருந்தைத் தொடரச் சொல்லவே வந்திருக்கிறேன்.

கண்டறிவது எப்படி

இந்த நோய் என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, நோயாளி இந்த மருந்துகளில் ஒன்றைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முன்பு பெற்றிருக்க வேண்டும். இரண்டாவது, தாடையிலோ முகத்திலோ எலும்பு வெளியே தெரிய வேண்டும், அல்லது சீழ் வடியும் துளை வழியே கருவியை விட்டால் எலும்பில் தட்ட வேண்டும். அது 8 வாரத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மூன்றாவது, தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தந்திருக்கக் கூடாது. புற்றுநோயே தாடைக்குப் பரவியிருக்கவும் கூடாது.

நம் ஊரில் மூன்றாவது நிபந்தனை மிக முக்கியம். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் வந்து, ‘கரண்ட் வைத்துக்கொண்டேன்’ என்று சொல்லும் நோயாளிகள் நம்மிடம் ஏராளம். கதிர்வீச்சுக்குப் பிறகு தாடை எலும்பு சாவது வேறு நோய். அதன் சிகிச்சையும் வேறு. 2021-இல் கொரோனாவை அடுத்து, சர்க்கரை நோயாளிகளின் மேல்தாடையைத் தின்ற கருப்புப் பூஞ்சையையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மேல்தாடை எலும்பு வெளியே தெரிந்தால் அதையும் மனத்தில் வைத்துத் திசுச் சோதனை செய்ய வேண்டும். பல் பிடுங்கிய சில நாட்களில் கடும் வலியோடு வரும் வறண்ட குழி, முறையான கவனிப்பில் ஓரிரு வாரங்களில் ஆறிவிடும். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நோய் படிப்படியாக வளர்வதால் அதை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எலும்பு வெளியே தெரியாத தொடக்க நிலை ஒன்று உண்டு. சொத்தை இல்லாத பல்லில் வலி, தாடைக்குள் மந்தமான நோவு, ஈறு நோய் இல்லாமலே பல் ஆடுவது, கீழுதடு மரத்துப்போவது, மேல்தாடையில் சைனஸ் போலத் தோன்றும் பாரம். இவற்றோடு வருகிறவருக்கு அந்த வலியுள்ள பல்லையே பிடுங்கிவிடுவதுதான் நாம் அதிகம் காணும் விபத்து. நோய் பல்லில் இல்லை, எலும்பில் இருக்கிறது. பல்லைப் பிடுங்கியதும் அது வெளியே வருகிறது.

முதல் நிலையில் எலும்பு தெரியும்; வலியோ சீழோ இராது. ‘நாக்குல ஏதோ சொரசொரன்னு குத்துது’ என்றுதான் நோயாளி சொல்வார். இரண்டாம் நிலையில் கிருமித் தொற்று சேர்ந்து வலியும் வீக்கமும் சீழும் வரும். மூன்றாம் நிலையில் பல்லைத் தாங்கும் பகுதியைத் தாண்டி நோய் பரவும். தாடை முறியலாம், கன்னத்திலோ தாடைக்குக் கீழோ துளை விழலாம், மேல்தாடையில் சைனஸ் அறைக்கு வழி திறந்து, குடித்த தண்ணீர் மூக்கில் வரலாம். முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் தொடங்கி, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். வாயில் தெரிவதைவிட எலும்புக்குள் நோய் பரந்திருப்பதை ஸ்கேன் காட்டுவது வழக்கம். ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்ட ரத்தப் பரிசோதனையை வழிகாட்டுதல்கள் இன்று ஏற்பதில்லை. அதற்காக ஏழை நோயாளியைச் செலவு செய்ய வைக்க வேண்டாம்.

சிகிச்சை

நோய் வந்தவருக்கு நம்பிக்கை உண்டு. இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் ‘இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, தொடாமல் விடுங்கள்’ என்று சொல்லப்பட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் கட்டம் வாயைச் சுத்தமாக வைப்பது. குளோர்ஹெக்சிடின் கரைசலால் கொப்பளிப்பது, தொற்று இருந்தால் பென்சிலின் வகை ஆன்டிபயாட்டிக், அது ஒவ்வாதவர்களுக்கு மாற்று மருந்து, வலிக்கு மருந்து. கூர்மையாக நீட்டிக்கொண்டு நாக்கைக் கிழிக்கும் எலும்பை மழுக்குவது. தானாகப் பிரிந்து ஆடும் செத்த எலும்புத் துண்டை எந்த நிலையிலும் எடுத்துவிடலாம். எடுத்த பின் பல புண்கள் தாமே மூடிக்கொள்ளும். பல தொடக்க நிலை நோயாளிகளை இவ்வளவு கவனிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் வலியின்றி வைத்திருக்க முடிகிறது.

அறுவை சிகிச்சையைப் பற்றிய எண்ணம் கடந்த ஆண்டுகளில் மாறியிருக்கிறது. முதலில், கத்தி வைத்தால் நோய் பெருகும் என்று அஞ்சி, கடைசி நிலைவரை ஒத்திப்போட்டார்கள். செத்த எலும்பை ரத்தம் கசியும் நல்ல எலும்புவரை முழுமையாக நீக்கி, மேலே சவ்வை இழுவிசையின்றி மூடித் தைத்தால், தொடக்க நிலைகளிலும் பெரும்பாலோருக்கு முழுதாக ஆறுகிறது என்று பின்னர் தெரிந்தது. 2022 வழிகாட்டுதல் எல்லா நிலைகளுக்கும் அறுவையை ஒரு வழியாக ஏற்கிறது. எடுத்த எலும்பை எப்போதும் திசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவரிடம் அதே நோய் தாடைக்குப் பரவியிருப்பது இந்த வேடத்தில் வரலாம். தாடையின் ஒரு பகுதியையே நீக்க நேர்ந்தால், காலின் மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்தித் தாடையை மீண்டும் அமைக்க முடியும். அவ்வளவு பெரிய அறுவையைத் தாங்கும் உடல்நிலை நோயாளிக்கு இருக்கிறதா என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பது எப்போது

தடுப்பதற்குச் சிறந்த நாள், முதல் ஊசிக்கு முந்திய நாட்கள். மார்பகப் புற்றுநோயோ புராஸ்டேட் புற்றுநோயோ எலும்புக்குப் பரவியது தெரிந்ததும், மல்டிபிள் மைலோமா என்று கண்டதும், உடனே எலும்பு ஊசியைத் தொடங்க மருத்துவர் விரும்புவது இயல்பு. உடல்நிலை இடம் தந்தால் அதற்கு முன் ஒருமுறை பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்கி, சொத்தையை அடைத்து, ஈறுகளைச் சுத்தம் செய்து, பல் செட் உரசும் இடத்தைச் சரிசெய்து, 2 முதல் 3 வாரம் புண் ஆறவிட்டு, பின் ஊசியைத் தொடங்கலாம். கால்சியம் மிகுந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவருக்குக் காத்திருக்க முடியாது. அப்போது ஊசிதான் முதலில். எலும்புப்புரை மாத்திரைக்கு அந்த அவசரம் இல்லை. சோதனை வேண்டும், ஆனால் தொடங்கிய பின்னும் செய்துகொள்ளலாம்.

மருந்து தொடங்கிய பிறகு பல் வலி வந்தால்? புற்றுநோய்க்காக ஊசி பெறுகிறவருக்குப் பல் பிடுங்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம். மேலே உடைந்துபோன பல்லாக இருந்தால், அதன் தலைப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, வேரைச் சிகிச்சை செய்து எலும்புக்குள்ளேயே விட்டுவிடலாம். இவர்களுக்கு இம்பிளான்ட் வைக்கக் கூடாது. எலும்புப்புரைக்கு மருந்து எடுப்பவருக்குப் பல் பிடுங்குவது தடையல்ல. பிடுங்கிய பின் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆபத்தை எடுத்துச் சொல்லி, காயத்தை இயன்ற அளவு சிறிதாக்கி, ஆறும்வரை கண்காணித்தால் போதும். கெட்டுப்போன பல்லை அச்சத்தால் வாயிலேயே விட்டுவைப்பதும் ஆபத்துதான். சீழ் பிடித்த பல் தானே இந்த நோயைத் தொடங்கிவைக்கும்.

‘பல் பிடுங்க ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பிஸ்பாஸ்போனேட் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் மருந்து. ஒரு வாரம் நிறுத்துவதால் எலும்புக்கு எதுவும் தெரியப்போவதில்லை. சில மாதங்கள் நிறுத்துவது உதவுமா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. டெனோசுமாப் கதை வேறு. அது எலும்பில் தங்குவதில்லை. 6 மாதத்தில் அதன் பலன் விலகும்போது எலும்பு விரைவாகக் கரையத் தொடங்கும். அடுத்த ஊசி தவறியவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் முறிந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. எனவே எலும்புப்புரைக்காக அதைப் பெறுகிறவருக்குப் பல் அறுவையைக் கடைசி ஊசிக்கு 3, 4 மாதம் கழித்து வைத்துக்கொண்டு, புண் ஆற 6 முதல் 8 வாரம் தந்து, அடுத்த ஊசியைத் தவறாமல் போடலாம். மருந்தை நிறுத்தும் முடிவைப் பல் மருத்துவர் தனியே எடுக்கக் கூடாது. நோயாளி தனியே எடுக்கவே கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி

இவ்வளவு தெரிந்தும் ஏன் தவறுகிறோம்? நம் மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். பல் மருத்துவர், ‘ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?’ என்று கேட்கிறார். ‘சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும்தான் டாக்டர்’ என்கிறார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றிலோ கையிலோ போட்ட ஊசி, ஆண்டுக்கு ஒரு முறை சலைனில் ஏற்றிய மருந்து, வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கும் மாத்திரை ஆகியவை அவருடைய தினசரி மாத்திரைக் கணக்கில் வருவதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் முடிந்துபோன சிகிச்சையை ‘சாப்பிடுகிறேன்’ என்று அவர் எப்படிச் சொல்வார்? கேள்வி நிகழ்காலத்தில் இருக்கிறது. மருந்தோ எலும்பில் பழைய காலத்திலிருந்து இருக்கிறது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: ‘எலும்பு தேய்மானத்துக்கோ, எலும்பு பலத்துக்கோ, புற்றுநோய்க்கோ எப்போதாவது ஊசி போட்டிருக்கீங்களா? வாரம் ஒரு மாத்திரை, மாசம் ஒரு மாத்திரைன்னு சாப்பிட்டிருக்கீங்களா?’ இருபது ஆண்டுகளில் நம் பல் மருத்துவர்கள் ‘ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா?’ என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும். ஆடும் பற்களை எடுத்துவிட்டுப் பல் செட் கட்டிக்கொள்ள முதியோர் வரிசையில் நிற்கும் இலவசப் பல் முகாம்களில் இது இன்னும் அவசியம். அங்கே நோயாளியின் பழைய சீட்டு எதுவும் கையில் இருக்காது. முகாம் பதிவுத் தாளில் அச்சிட்ட ஒரு வரிதான் அவருக்குக் காப்பு.

மருந்து எழுதும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊசியின் பெயர், அளவு, தேதி, காரணம் ஆகிய நான்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் தனியாக எழுதுங்கள். ‘பல் பிடுங்கும் முன் எங்களிடம் கேட்கவும்’ என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். கீமோ வார்டில் இருக்கும் செவிலியர், ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு ‘வாயில புண்ணு, பல் ஆட்டம், வலி ஏதாச்சும் இருக்காம்மா?’ என்று கேட்டால், பல நோயாளிகள் தொடக்க நிலையிலேயே நம்மிடம் வந்துவிடுவார்கள்.

பொதுமக்களுக்கு நான் சொல்வது இதுதான். எலும்பு ஊசி போட்டவர்கள் அதன் சீட்டை மாத்திரை டப்பாவில் பத்திரமாக வையுங்கள். வீட்டில் மகனோ மகளோ மருமகளோ ஒருவருக்காவது அந்தச் செய்தி தெரிந்திருக்கட்டும். இரவு படுக்குமுன் பல் துலக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டுங்கள், பல் செட் உரசினால் தாங்கிக்கொள்ளாதீர்கள். பல் பிடுங்கிய குழி இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் மூன்றாவது வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள். மருந்தைத் தொடருங்கள்.

மாணவர்களே, நோயாளியின் வரலாற்றைக் கேட்பது உங்கள் தேர்வில் சில மதிப்பெண்கள் மட்டுமே. இந்த நோயில் அதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. பல் பிடுங்கும் இடுக்கியை எடுக்கும் முன் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதுங்கள். எழுதாத பதில் அடுத்த மருத்துவருக்குக் கிடைக்காது. அந்த நோயாளி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அப்படி எழுதும் ஒரு தலைமுறை பல் மருத்துவர்கள் இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே போனால், இந்த அறக்கட்டளை எதற்காக நிறுவப்பட்டதோ அது நிறைவேறியதாகும்.